பெருநாள் உலாவும் உமர் (ரலி) அவர்களின் மேய்ச்சல் நிலமும்

மதுரையில் வாழும் நமக்கு வைகை என்றதும் மணலும், கருவேல முட்செடிகளும், பாலத்தின் அடியில் மேயும் மாடுகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆற்றில் கரை தொட்டு நீர் ஓடுவதை நம் பிள்ளைகள் ஆண்டில் சில நாள்களே காண்கிறார்கள். ஆயினும் நாம் ஒவ்வொரு நாளும் வைகையைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மாநகரின் குடிநீரில் ஒரு பகுதி, 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து குழாய்வழி வருகிறது. நம் வீட்டில் சோறு பொங்குவதும் நோன்புக் கஞ்சி காய்வதும் அந்த நீரில்தான்.

அந்த நீர் அணைக்கு எங்கிருந்து வருகிறது என்று எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளிடம் கேட்டோம். "மழையிலிருந்து" என்றார்கள். தவறில்லை, மழையை இறக்குபவன் அல்லாஹ். ஆனால் இறங்கிய மழையைப் பிடித்து வைத்து, மழையற்ற மாதங்களிலும் சிறுகச் சிறுக வழங்கும் பணியை அவன் ஒரு படைப்பிடம் ஒப்படைத்திருக்கிறான். அதுதான் காடு. தேனி மாவட்டத்தின் வருசநாட்டுப் பள்ளத்தாக்கும் அதை அணைத்து நிற்கும் மேகமலையும் மூல வைகையின் பிறப்பிடம். மலை முகட்டுச் சோலைக்காடுகளில் உதிர்ந்த இலைகளும் வேர்களும் மண்ணும் சேர்ந்து மழைநீரை உறிஞ்சிக்கொள்கின்றன. பின்னர் ஊற்றாக, ஓடையாக, அருவியாக விடுகின்றன. மலையின் மறுபக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் சுரங்கம் வழியே அங்கே இறங்கி, பின்னர் வைகையில் கலக்கிறது. இந்த இரண்டு பள்ளத்தாக்குகளும் பசுமையாக இருக்கும் வரைதான் மதுரையின் குழாயில் நீர் இருக்கும்.

மேகமலைக் காடும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் இணைக்கப்பட்டு 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. புலி வாழ வேண்டுமாயின் மான் வாழ வேண்டும். மான் வாழப் புல்லும் நீரும் வேண்டும். ஆகவே புலிக்காகக் காக்கப்படும் காடு, வைகைக்காகக் காக்கப்படும் காடாகவும் ஆகிறது.

இக்காட்டுக்கும் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஓர் அறிஞருக்கும் உள்ள தொடர்பை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1896ஆம் ஆண்டு பிறந்து, இந்தியப் பறவைகளை ஆராய்வதற்கே வாழ்வை அளித்தவர் சலீம் அலி. மேகமலையில் 1948ஆம் ஆண்டு பிடிக்கப்பட்ட ஒரு வௌவால், வழக்கமான இனம் என்றே கருதப்பட்டு மும்பை அருங்காட்சியகத்தில் கிடந்தது. அது உலகம் அதுவரை அறியாத தனி இனம் என்பதை 1972ஆம் ஆண்டு தாய்லாந்து அறிஞர் ஒருவர் கண்டறிந்து, அதற்குச் சலீம் அலியின் பெயரையே சூட்டினார். சலீம் அலி பழந்தின்னி வௌவால் என இன்று அழைக்கப்படும் அந்த அரிய உயிர், பழங்களைத் தின்று விதைகளைக் காடெங்கும் தூவுகிறது. இரவில் அது செய்யும் விதைப்பின் பலனை, மலையடியில் வாழும் நாம் பகலில் நீராகப் பெறுகிறோம்.

இத்தகைய இடத்துக்குத்தான் நாம் பெருநாள் விடுமுறையில் வேன் பிடித்துச் செல்கிறோம். சுருளி அருவி, சின்னச்சுருளி, மேகமலைத் தேயிலைச் சரிவுகள் ஆகிய இடங்களில் பெருநாளின் மறுநாளும் அதற்கடுத்த நாளும் மதுரை, தேனி, திண்டுக்கல் குடும்பங்களைக் காணலாம். இவ்வுலாவைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. வெயிலிலும் சந்துகளிலும் நெருக்கமான வீடுகளிலும் ஆண்டு முழுதும் உழைக்கும் குடும்பங்களுக்கு ஒருநாள் குளிர்ந்த நீரும் மர நிழலும் கிடைப்பது அல்லாஹ்வின் அருட்கொடை. வணக்கத்திலும் மறுமைச் சிந்தனையிலும் எந்நேரமும் ஒரே நிலையில் இருக்க இயலவில்லையே என்று வருந்திய ஹன்ளலா (ரலி) அவர்களுக்கு, இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் என்று நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஓய்வும் மகிழ்ச்சியும் மார்க்கத்துக்குப் புறம்பானவை அல்ல.

எங்கள் மக்தப் பிள்ளைகளைச் சின்னச்சுருளிக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்தபோது, சில பெற்றோர், "ஓதுகிற பிள்ளைகளுக்கு அருவி எதற்கு ஹஸ்ரத்?" என்று கேட்டனர். வானம், பூமி, மலை, மழை ஆகியவற்றைச் சிந்திக்கும்படி குர்ஆன் நம்மை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. அவற்றைப் பாடநூலில் மட்டும் காட்டினால் போதுமா என்று அவர்களிடம் திருப்பிக் கேட்டோம். இறுதியில் அவர்களில் மூவர் எங்களுடன் துணைக்கே வந்தனர்.

போகும் வழியில், மலையடிவாரத்தில் தேநீர் அருந்த வேன் நின்றது. சாலையோரத்தில் ஒரு முதியவர் மலைமாடுகளை மடக்கி நிறுத்தியிருந்தார். சாணத்துக்காகவும் காளைக் கன்றுகளுக்காகவும் இப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் நாட்டு மாடுகள் அவை. பிள்ளைகள் மாடுகளைச் சுற்றி நின்று கேள்விகள் கேட்க, அவரும் பொறுமையாக விடை சொன்னார். பின்னர் எங்கள் பக்கம் திரும்பி, "எங்க தாத்தா காலத்துல இருந்து மலைக்குள்ள மேஞ்ச மாடு பாய். இப்ப உள்ள போகக் கூடாதுங்குறாக. உங்க வேன் மட்டும் எப்படிப் பாய் உள்ள போகுது?" என்றார். குரலில் கோபம் இல்லை. எங்களிடம் உடனடி விடையும் இல்லை.

காட்டுக்குள் கால்நடை மேய்ப்பதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு மார்ச்சில் தடை விதித்தது. முதலில் எல்லாக் காடுகளுக்கும் விதிக்கப்பட்ட தடை, பின்னர் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என மாற்றப்பட்டது. அதற்குக் காரணம் உண்டு. நாட்டு மாடுகளிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் பரவலாம். இளங்கன்றுகள் மேயப்பட்டால் காடு மீண்டும் தழைக்காது. மேய்ப்பவர்களிடமும் நியாயம் உண்டு. அவர்களுடைய பிழைப்பே அந்தப் புல்தான். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த முதியவரின் கேள்வி நீதிமன்றத்தை நோக்கியதன்று, நம்மை நோக்கியது.

வேனில் ஏறிய பின் ஒரு மாணவன், "ஹஸ்ரத், அவர் கேட்டது சரிதானே?" என்றான். அப்போது நாங்கள் உமர் (ரலி) அவர்களின் செய்தி ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

அரபு நாட்டில் 'ஹிமா' என்பது பொது நலனுக்காகக் காக்கப்படும் நிலம். நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்னும் இடத்தை ஹிமாவாக ஆக்கினார்கள். மதீனாவைப் புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரங்கள் வெட்டப்படுவதையும் வேட்டையாடப்படுவதையும் தடுத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் மேலும் சில நிலங்களை ஹிமாவாக்கி, ஹுனைய் என்பவரை அதன் காவலராக நியமித்தார்கள். அவருக்கு அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விட வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்ச வேண்டும். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் பின் அஃப்பான் (ரலி) ஆகிய செல்வந்தர்களின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்விருவரின் கால்நடைகள் அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் தன் பிள்ளைகளுடன் கலீஃபாவின் வாசலில்தான் வந்து நிற்பான் என்று காரணத்தையும் விளக்கினார்கள்.

அந்த இரு நபித்தோழர்களும் சுவனத்து நற்செய்தி பெற்றவர்கள். அவர்கள்மீது எந்தக் குற்றமும் இல்லை. இருந்தும் காக்கப்பட்ட நிலத்தின் சுமை யார்மீது முதலில் விழ வேண்டும் என்ற கேள்விக்கு உமர் (ரலி) அவர்கள் தெளிவான விடை தந்தார்கள். தாங்க வல்லவர் முதலில் தாங்க வேண்டும். நாம் மேகமலைக்குப் பிழைப்புக்காகப் போகவில்லை, மகிழ்வதற்காகப் போகிறோம். ஆகவே பிழைப்பை இழந்தவர் காட்டும் கட்டுப்பாட்டை விடக் கூடுதலான கட்டுப்பாடு நம்மிடம் இருக்க வேண்டும். மாடு உள்ளே போகக் கூடாது என்னும் காட்டில் நம் நெகிழித் தட்டுகள் கிடக்குமானால், அந்த முதியவருக்கு நாம் எப்படி விடை சொல்வது?

அன்று அருவியின் கீழ்ப் பாறைகளில், எங்களுக்கு முன் வந்து போனவர்களின் சுவடுகள் இருந்தன. ஷாம்பு உறைகள், குளிர்பானப் புட்டிகள், பிரியாணி ஒட்டிய தட்டுகள், பாறை இடுக்கில் குழந்தையின் அணையாடை ஒன்று. அதை விட்டவர் எந்தச் சமயத்தவர் என்பது யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நீர் எடுக்கும் இடம், மக்கள் நடக்கும் வழி, நிழல் தரும் இடம் ஆகிய மூன்றிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூதில் இருக்கிறது. அருவிக்கரை ஒரே நேரத்தில் இம்மூன்றுமாக இருக்கிறது. பாதையில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதியிருந்தார்கள். அன்று அதைக் கைகளால் ஓதினார்கள். பெரியவர்கள் அணையாடையையும் கண்ணாடித் துண்டுகளையும் எடுக்க, பிள்ளைகள் மற்றவற்றைப் பொறுக்கினார்கள். இரண்டு சாக்குகள் நிறைந்தன. அதன் பிறகுதான் குளித்தோம்.

திரும்பி வந்து, உஸ்தாதுமார்களும் பெற்றோரும் அமர்ந்து சில வழக்கங்களை உறுதி செய்துகொண்டோம். உணவு தேக்சாவில் வரட்டும். உண்பது வீட்டிலிருந்து கொண்டுவரும் எவர்சில்வர் தட்டில். தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களை 2019 ஜனவரி முதலே தடை செய்துவிட்டது. எனவே இது புதிய கட்டளையும் அன்று. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு வேண்டாம். அந்த நீர்தான் பின்னர் நம் குடத்துக்கு வருகிறது. குரங்குகளுக்கு மீந்த சோற்றைப் போடுவதில்லை. அது தருமம் போலத் தோன்றினாலும் அவற்றைச் சாலைக்கு இழுத்துச் சாகடிக்கிறது. பாட்டுப் பெட்டி வேண்டாம். யானை நடமாட்டம் என்றோ வெள்ளம் என்றோ வனத்துறை அருவியை மூடினால், கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழையாமல் திரும்பிவிட வேண்டும்.

அடுப்பு மூட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதே தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு இளைஞர்களின் கால்களும் ஈடுகொடுக்கவில்லை. அதன் பிறகே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களை வழிகாட்டிகளுடன் முறைப்படி திறந்தது. மலையேற விரும்பும் நம் இளைஞர்கள் அந்த வழியில், உரிய கட்டணம் செலுத்திச் செல்லட்டும். மலைவாழ் மக்களுக்கும் அதனால் ஊதியம் கிடைக்கிறது. அடுப்பு மட்டும் காட்டின் எல்லைக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

காட்டைக் காப்பது காட்டில் மட்டும் நடப்பதன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. ஒரு முத் என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நம் கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு. எங்கள் மத்ரஸாவில் ஒரு மாணவன் குழாயைத் திறந்துவைத்து உளூச் செய்த நீரை வாளியில் பிடித்து அளந்தோம். ஆறு லிட்டர் இருந்தது. மறுநாள் அவனே ஒரு குவளையில் நீர் எடுத்து வந்து, முழு உளூவையும் முடித்துக் காட்டினான். இப்போது வகுப்பில் பாதிப் பேர் குவளைக்கு மாறிவிட்டார்கள். வீட்டில் தாய்மாரையும் திருத்துகிறார்கள் என்று புகார் வருகிறது. அப்புகாரை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெருநாள் குத்பாவுக்குப் பின் ஃபித்ரா, குர்பானித் தோல் பற்றிய அறிவிப்புகளைச் செய்கிறோம். அத்துடன் மலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு வேனுக்கு ஒரு சாக்கு கொடுத்தனுப்புங்கள். வழியில் மலையடிவாரக் கடையில் பழமும் தேநீரும் வாங்கச் சொல்லுங்கள். மாடு மேய்ப்பவரைக் கண்டால் வேனை மெதுவாக ஓட்டி, அவருக்கு வழிவிட்டுச் செல்லச் சொல்லுங்கள்.

நாம் குடிக்கும் ஒவ்வொரு மிடறு நீருக்கும் மறுமையில் கேள்வி உண்டு. அந்நீர் பிறக்கும் காட்டையும், அக்காட்டின் ஓரத்தில் வாழும் எளியவர்களையும் நாம் எப்படி நடத்தினோம் என்பதும் அக்கேள்வியில் அடங்கும். அமானிதத்தைப் பேணுபவர்களாக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக. வைகைக்கு நல்ல மழையைத் தருவானாக. ஆமீன்.