விடியலின் வாசலில் ஒரு குழலோசை



பிங்க் ஃபிளாய்ட் என்னும் பெயரை உங்களில் பலர் உங்கள் பிள்ளைகளின் மேலாடைகளில் கண்டிருப்பீர்கள். 1967 ஆகஸ்டில் வெளிவந்த, ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ என்ற அவ்வாங்கிலேயக் குழுவின் முதல் இசைத்தட்டைக் கடந்த வாரம் முதன்முறையாகக் கேட்டேன். நம் இளையோருள் ஒருவர் தந்தது. திருவழிபாட்டுப் பாடல்களில் பழகிய செவி என்னுடையது. ஆகவே இதனை இசை விமர்சனமாகக் கொள்ள வேண்டாம்.

முதற்பாடலின் தலைப்பே என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது: ‘அஸ்ட்ரானமி டொமினே’. டொமினே என்றால் இலத்தீனில் ‘ஆண்டவரே’. மூத்தோர் பலருக்கு அச்சொல் இன்னும் நாவில் இருக்கும். நம் ஆலயங்களில் இலத்தீன் விடைபெற்றுத் தாய்மொழி நுழைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இலண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் நான்கு இளைஞர்கள் அதனை விண்வெளிப் பாட்டொன்றுக்குத் தலைப்பாக்கியிருக்கிறார்கள். அது செபமன்று என்பதை அறிவேன். ஆயினும் அந்த விளி என்னை விடவில்லை.

ஏறத்தாழப் பத்து நிமிடம் நீளும் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ என்ற சொல்லில்லாப் பகுதி என் பொறுமையைச் சோதித்தது. ஏனைய பாடல்களிலோ குள்ளப்பூதமும் சோளக்கொல்லைப் பொம்மையும் மிதிவண்டியும் வருகின்றன. குழந்தையொன்று தன் விளையாட்டுப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுவதுபோல. பதினொன்றில் எட்டினைத் தனியே எழுதியவர் சிட் பேரட். இசைத்தட்டின் பெயர் கென்னத் கிரகாம் 1908இல் எழுதிய சிறுவர் நூலின் ஏழாம் அதிகாரத் தலைப்பு. அதில் தொலைந்துபோன நீர்நாய்க் குட்டியை நண்பர் இருவர் இரவெல்லாம் படகில் தேடி, விடியலில் குழலோசையைப் பின்தொடர்ந்து கண்டெடுக்கிறார்கள்.

பேரட்டை அப்படி எவரும் கண்டெடுக்கவில்லை. எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருள் எவ்வளவு, நோய் எவ்வளவு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடுண்டு. சில மாதங்களிலேயே அவர் மேடையில் இசைக்காமல் வெறுமனே நிற்கத் தொடங்கினார். 1968 சனவரியில் சௌத்தாம்ப்டனில் ஒரு நிகழ்ச்சி. புறப்பட்ட நண்பர்கள், வழியில் அவரை ஏற்றிக்கொள்ள வேண்டாமென்று முடிவு செய்தனர். சண்டையில்லை, அறிவிப்பில்லை. வண்டி நிற்கவில்லை, அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது 22.

அந்நண்பர்களைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் இளைஞர்களே, என்ன செய்வதென்று அறியாதவர்கள். பின்னர் அவருடைய தனி இசைத்தட்டுகள் உருவாகத் துணைநின்றவர்களும் அவர்களுள் சிலரே. ஆயினும் நிற்காத அந்த வண்டி நம் சமூகத்துக்கு நன்கு பழக்கமானது. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் குடும்பமாய்ப் புறப்படுகிறோம். மேல்மாடி அறையில் ஒரு மகனோ மகளோ இருக்கிறார். “எங்கே பிள்ளை?” என்று கேட்டால், “படிக்கிறான்” என்கிறோம். மருத்துவரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், மற்றப் பிள்ளைகளின் வரன் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்தை நான் எள்ளவில்லை. மேல்மாடியில் இருப்பவருக்குப் புறப்படும் காரின் ஓசை கேட்கிறது என்பதையே சொல்கிறேன். அப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டிலிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தனியே போகத் தயங்கினால் நானும் உடன் வருகிறேன்.

1975இல், அவரை நினைத்தே எழுதிய பாடலில் நண்பர்கள் அதே அபே ரோடில் ஈடுபட்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். அவர் யாரென்று அவர்களுக்கு நெடுநேரம் தெரியவில்லை.

பின்னாளில் பேரட் கேம்பிரிட்ஜில், பெற்றோர் இட்ட ரோஜர் என்னும் பெயரிலேயே வாழ்ந்தார். ஓவியம் தீட்டினார், தோட்டம் செய்தார். அவருடைய சகோதரி அவரைக் கைவிடவில்லை. 2006 சூலையில், 60ஆம் வயதில் இறந்தார். அந்த முதல் இசைத்தட்டின் கடைசிப் பாடல் ஒரு மிதிவண்டியைப் பற்றியது. அவர் இறந்த அதே ஆண்டின் நவம்பரில் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் கடைக்குப் போகவர அவர் ஓட்டிய மிதிவண்டியும் இருந்தது.