தொலைபேசியில்கூட ஜெர்மன் பேசக் கூடாது

1917 ஏப்ரல் 6. ஜெர்மனிக்கு எதிராக அமெரிக்கா போரில் இறங்கிய நாள். பீரங்கி முழங்கியது கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்சில். நான் குறித்துவைத்திருப்பதோ அயோவா, இல்லினாய், நெப்ராஸ்கா ஊர்களில் நடந்தவை. அங்கே அகப்பட்டுக்கொண்டது ஒரு தாய்மொழி.

*

1910 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை 9.2 கோடி. அதில் ஜெர்மனியில் பிறந்தவர்கள், அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என 80 லட்சத்துக்கும் மேல். 1915-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் நாலில் ஒருவர் ஜெர்மன் படித்தார். 1922-இல் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஏழே வருடம். ஒரு மொழி பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேற இத்தனை குறைந்த காலம் போதும் என்பது என்னைத் தூங்கவிடவில்லை.

*

பெயர்கள் மாறின. சார்க்ராட் என்ற ஜெர்மன் முட்டைக்கோஸ் ஊறுகாய் 'சுதந்திர முட்டைக்கோஸ்' ஆனது. சின்சினாட்டியில் பிரேமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது. நெப்ராஸ்காவின் ஜெர்மன்டவுன் கார்லண்ட் ஆனது. பிரான்சில் இறந்த உள்ளூர்ச் சிப்பாய் ஒருவரின் பெயர் அது.

*

அன்றைய திரையரங்கில் ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்ட நாலு நிமிடம் ஆகும். ஜார்ஜ் கிரீல் நடத்திய அரசுப் பிரச்சாரக் குழு அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது. உள்ளூர் ஆள் ஒருவர் எழுந்து போரைப் பற்றி நாலு நிமிடம் பேசுவார். இப்படிப் பேசியவர்கள் சுமார் 75,000 பேர். முகம் தெரிந்த மனிதர் சொல்வதால்தான் அது மனதில் தைத்திருக்க வேண்டும்.

*

1918 மே 23. அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங்கின் உத்தரவு: பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில் ஆங்கிலம் மட்டுமே. ஆங்கிலம் புரியாதவர்கள் வீட்டிலேயே வழிபாடு நடத்திக்கொள்ளலாம். ஜெர்மன்காரர்களோடு டேனிஷ், நார்வேஜியன், டச்சு, செக் பேசியவர்களும் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்தப் பட்டியலில் தொலைபேசி ஏன் என்று முதலில் விளங்கவில்லை. அன்றைய கிராமங்களில் பல வீடுகளுக்கு ஒரே கம்பி. அடுத்த பண்ணைக்காரர் கருவியை எடுத்தால் நம் பேச்சு அவர் காதில் விழும். அக்காவும் தங்கையும் நலம் விசாரித்துக்கொள்வதற்கும் சாட்சி இருந்தது.

*

இல்லினாயின் காலின்ஸ்வில், 1918 ஏப்ரல் 5. ராபர்ட் பிரேகர், டிரெஸ்டனில் பிறந்த சுரங்கத் தொழிலாளி. அமெரிக்கக் கடற்படையில் சேர முயன்று திருப்பி அனுப்பப்பட்டவர். அவரை உளவாளி என்று சொல்லி ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டது. சாவதற்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத அனுமதி கேட்டார், எழுதினார். விசாரணைக்கு வந்த 11 பேரும் ஜூன் மாதம் விடுதலையானார்கள். இந்தப் பக்கத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைத் தொடவில்லை.

*

1917 அக்டோபர் சட்டப்படி, ஜெர்மன் பத்திரிகைகள் போர்ச் செய்தி எதை எழுதினாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை அஞ்சல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். சிறு பத்திரிகைக்கு அந்தச் செலவு கட்டுமா? 1910-இல் இருந்த ஜெர்மன் இதழ்களில் பாதிகூட 1920-இல் இல்லை.

*

போர் 1918 நவம்பரில் நின்றது. நெப்ராஸ்காவின் சட்டம் வந்தது 1919-இல்! எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு வேற்றுமொழி கற்பிப்பது குற்றம். பயம் போரைவிட நீண்ட ஆயுள் கொண்டது என்பதற்கு இந்தத் தேதியைவிட வேறு சான்று நான் தேடவில்லை.

1920 மே 25. அதே மாநிலத்தில் ஹாம்ப்டன் அருகே ஒரு லுத்தரன் பள்ளி. ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மனில் விவிலியக் கதை வாசிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அபராதம் 25 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1923 ஜூன் 4-இல் ஏழு நீதிபதிகள் அவர் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். சட்டம் விழுந்தது.

அன்று அரசு வழக்கறிஞர் வகுப்பறைக்குள் வந்தபோது, ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் மேயர் தப்பியிருப்பார். அது அவருக்கும் தெரியும். பாடத்தை ஜெர்மனிலேயே தொடர்ந்தார்.