படலைக்குக் காவலாள் தேடிய கதை

மலர்க் குழுவினர் எம்மிடம் வந்து, உங்கள் காலத்துக் கல்லூரி வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டனர். விடுதிச் சாப்பாட்டையும், பிரம்படியையும், மைதானத்து வேப்பமரத்தையும் பற்றி எம்மிலும் நன்றாக எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர். ஆதலால் அவற்றை அவர்களுக்கே விட்டுவிட்டு, இக்கல்லூரியின் வணிக வகுப்பிலே ஒரே வாங்கிலிருந்து படித்து, இன்று ஒரே வியாபாரத்தை நடத்திவரும் நாம் இருவரும், எமக்கு நேர்ந்த ஓர் இடரையும் அதன் பயனாய் நாம் கற்றவற்றையும் எழுதத் துணிந்தோம். கடை, கந்தோர், மருந்தகம், தனியார் கல்வி நிலையம் என்று ஏதேனும் ஒன்றை நடத்தும் பழைய மாணவர் எவர்க்கும் இது நாளை நேரக்கூடியதே.

எமது மொத்த வியாபாரக் களஞ்சியம் யாழ்ப்பாணத்தில் உள்ளது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிளைகளும், கொழும்பு புறக்கோட்டையில் ஒரு சிறு கந்தோரும் உண்டு. நான்கு இடத்துக் கணக்கும் இருப்பும் யாழ்ப்பாணத்திலிருந்த ஒரேயொரு சேர்வர்க் கணினியிலே பதியப்பட்டன. அதனையும் இணைய இணைப்புகளையும் பார்த்துவந்தவர் எமக்கு இரண்டு வகுப்புப் பின்னே படித்த ஒரு தம்பி. அவரும் இக்கல்லூரியின் பிள்ளையே. அழைத்தவுடன் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார். 'ஒரு தேத்தண்ணி போதும் அண்ணை' என்பார். காசு கேட்கக் கூச்சப்படுவார். நாமும் அந்தக் கூச்சத்தை எமக்கு வாய்த்த ஆதாயமாகவே கொண்டிருந்தோம்.

2022 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, காசாளர் கணினியைத் திறந்தபோது பேரேடு திறக்கவில்லை. கோப்புகளெல்லாம் பெயர் மாறிக் கிடந்தன. இவற்றைத் திறக்கும் சாவி வேண்டுமாயின் பணம் அனுப்புக என்றொரு கடிதம் மட்டும் திரையில் இருந்தது. சனிக்கிழமை இரவே யாரோ உள்ளே புகுந்து பூட்டிவிட்டுப் போயிருக்கின்றனர். ஞாயிறு முழுவதும் அதனைக் கண்டார் ஒருவருமில்லை. வீட்டிலிருந்தபடியே பழுது பார்ப்பதற்காகத் தம்பி திறந்து வைத்திருந்த தொலைவழி வாயிலொன்று, ஒரு கடவுச்சொல்லை மட்டுமே காவலாகக் கொண்டு, உலகம் முழுவதையும் நோக்கித் திறந்திருந்தது. வேலியைச் செம்மையாய் அடைத்துவிட்டுப் படலைக்கு நூற்கயிறு கட்டிய கதைதான்.

பிரதி எடுத்து வைத்த தட்டு இருந்தது. ஆனால் அது அந்தச் சேர்வரிலேயே இரவும் பகலும் செருகப்பட்டிருந்தமையால் அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. தப்பியது நான்கு மாதத்துக்கு முந்திய ஒரு பிரதி. இடைப்பட்ட காலத்துக் கடன்களை மீட்டுத் தந்தவர் எமது கணக்கப்பிள்ளை ஐயா. கணினி வந்த நாள் முதலாக அதனை நம்பாது, கடன் கொடுத்தவற்றை ஒரு கொப்பியிலே சிட்டை எழுதி வந்தவர். அவரைக் கேலி செய்த நாமே அந்தக் கொப்பிகளை முன்வைத்து ஒன்றரை மாதம் இரவிரவாய் இருந்து பதிந்தோம். கொப்பியில் இல்லாத கடன்களைச் சிலர் தாமாக வந்து கொடுத்தனர். சிலர் வரவில்லை.

தம்பி வந்து பேசாது நின்றார். எமக்குக் கோபம் இருந்தது. சொல்லத்தகாத சொற்களையும் சொன்னோம். அவர் போன பின்னர் பழைய மின்னஞ்சல்களைப் புரட்டியபோது, அவ்வாண்டு வைகாசியில் அவர் எழுதிய மூன்று வரிக் கடிதமொன்று கண்ணிற் பட்டது. வேறிடத்தில் வைக்க இன்னொரு பிரதித் தட்டும், பயர்வோல் கருவி ஒன்றும் வாங்கவேண்டும் என்று விலையோடு எழுதியிருந்தார். டொலர் விலை ஏறிக்கிடந்த காலம் அது. 'பிறகு பார்ப்போம்' என்று பதில் எழுதியவர் நம்மில் ஒருவர். எவர் என்பது இருவருக்கும் தெரியும்.

இதன் பின்னரே, வலையமைப்பையும் அதன் காவலையும் மாதக் கட்டணத்துக்கு ஏற்று நடத்தும் நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினோம். 2023 ஆம் ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. வந்தவர்கள் மூவகையினர். இணைப்பைத் தரும் தொலைத்தொடர்பு நிறுவனமே காவலையும் சேர்த்துத் தருவது ஒருவகை. கொழும்பிலே காவற்கூடம் அமைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பல நிறுவனங்களின் கணினிகளைப் பார்த்திருப்போர் இன்னொருவகை. எம் தம்பியைப்போல ஊரிலே இரண்டு மூன்று பேரோடு தொழில் நடத்துவோர் மூன்றாம் வகை. விலைச்சீட்டுகளை அருகருகே வைத்தால் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் ஒப்பே இராது. ஒருவர் றவுட்டரை வாடகைக்குத் தருவதையே காவல் என்கிறார். மற்றவர் ஒவ்வொரு கணினிக்கும் தலைவரி போடுகிறார். ஆகவே விலைச்சீட்டுகளை மூடிவைத்துவிட்டு, எல்லாரிடமும் ஒரேவகையான கேள்விகளைக் கேட்கத் தீர்மானித்தோம்.

முதலில் 'நூற்றுக்கு 99.9' என்னும் வாக்குறுதியை எடுத்தோம். எல்லாருடைய தாளிலும் அந்த எண் மின்னியது. ஆண்டொன்றுக்கு 8760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நின்றுபோகலாம் என்றால் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம். 99.5 என்று எழுதியவருக்கோ 43 மணி 48 நிமிடம் வரை நிற்க உரிமை உண்டு. அரைப் புள்ளிக்குக் குறைந்த வேறுபாடு எமக்கு நான்கு வியாபார நாள் ஆகிறது. அதற்கு மேலும் நின்றால் என்ன தருவீர்கள் என்று கேட்டால், அம்மாதக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கழிப்போம் என்பதே பெரும்பாலும் விடை. ஒருநாள் விற்பனை போனதற்கு அது ஈடாகாது. தீபாவளிக்கு முதல்நாள் நிற்கும் ஒரு மணியும், நள்ளிரவிலே நிற்கும் ஒரு மணியும் அவர்கள் கணக்கிலே சமம் என்பதையும் கண்டுகொண்டோம்.

இரண்டு இணைப்பு வைத்தால் ஒன்று போனாலும் மற்றது நிற்கும் என்றார்கள். உண்மைதான். ஒரு நிறுவனம் தந்த வரைபடத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வீதியிலே நடந்துபார்த்தோம். இரண்டு பைபர்க் கம்பிகளும் களஞ்சியத்துக்கு எதிரேயுள்ள ஒரே கம்பத்திலே தொங்கின. ஒரு லொறி மோதினால் இரண்டும் ஒருங்கே போகும். பின்னர் ஒன்றைக் கம்பியாகவும் மற்றதைக் கைப்பேசிக் கோபுரத்து வழியாகவும் அமைத்துக்கொண்டோம்.

'இருபத்துநான்கு மணிநேரக் காவல்' என்பது அடுத்தது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஊழியர் 45 மணி நேரம் வேலை செய்தால், ஒரேயொரு நாற்காலியை இடைவிடாது நிரப்ப நான்கு பேர் வேண்டும். லீவும் சுகவீனமும் சேர்ந்தால் ஐந்து பேர். எங்களிடம் மொத்தம் மூன்று பேர் என்று சொன்ன ஒரு நிறுவனம் இருபத்துநான்கு மணிநேரமும் பார்க்கிறோம் என்றபோது கணக்கு இடித்தது. இரவிலே பார்ப்பது யார் என்று வற்புறுத்தியபோது, கணினி தானாகவே மின்னஞ்சல் அனுப்பும் என்றனர். அதனைப் படிப்பது காலையிலே. எமக்கு நேர்ந்ததோ சனிக்கிழமை இரவு.

ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, போட்டியிலிருந்த எல்லாருடைய அவசர இலக்கங்களுக்கும் அழைப்பு எடுத்தோம். இஃது ஒரு குறும்பு போலத் தோன்றலாம். விடுதியிலே மேற்பார்வையாளர் உறங்கிவிட்டாரா என்று பார்க்கத் தகரத்திலே கல்லெறிந்த பழக்கம் முற்றாக விட்டுப்போகவில்லை. ஒருவர் மூன்றாவது மணியில் எடுத்து, பெயரையும் ஊரையும் கேட்டுப் பதிந்தார். ஒரு பதிவுக்குரல், கந்தோர் எட்டரைக்குத் திறக்கும் என்றது. நம் தம்பி எடுத்து, 'என்ன அண்ணை, என்ன நடந்தது?' என்று பதறினார். அதன் பின்னர் எமக்கு உறக்கம் வரவில்லை.

எடுப்பது மட்டும் போதாது. கள்வன் உள்ளே நிற்கிறான் என்று கண்டால், எம்மைக் கேளாமலே அந்தக் கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டா? சிலர், நாம் அறிவிப்போம், துண்டிப்பது உங்கள் பொறுப்பு என்றனர். கதவு உடைபடும் ஓசையைக் கேட்டு எமக்குத் தந்தி அடிக்கும் காவலாளை வைத்து என்ன செய்வது? துண்டிக்கலாம் என்று எழுத்திலே அதிகாரம் கொடுத்தோம். அதனால் ஒருமுறை வவுனியாக் கிளை காரணமின்றி இரண்டு மணி நேரம் நின்றது. அதற்கு நாம் முறையிடவில்லை.

எம்மை மிகவும் மலைக்க வைத்தது வேறொரு கேள்வி. காவலாளிடமே சாவிகள் அனைத்தும் இருக்க, அவன் வீட்டிலே திருடன் புகுந்தால்? 2021 ஆம் ஆண்டு ஆடி மாதம் 2 ஆந் திகதி, பல பராமரிப்பு நிறுவனங்கள் பயன்படுத்திய கசேயா என்னும் மென்பொருளின் ஓட்டையூடாகத் தாக்குதல் நடந்தது. நேரே அகப்பட்ட கசேயாவின் வாடிக்கையாளர் அறுபதுக்கும் குறைவு. அவர்களை நம்பியிருந்த வியாபாரங்களோ ஏறக்குறைய 1500. சுவீடன் நாட்டிலே கூப் என்னும் கூட்டுறவுக் கடைகள், காசு வாங்கும் பொறி இயங்காமையால் நூற்றுக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தக் கடைகள் கசேயாவோடு நேரே தொடர்பு கொண்டவையுமல்ல. ஆகவே, எங்கள் கணினிகளுக்குள் நுழையும் உங்கள் ஊழியர் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டா, கைப்பேசியிலே இரண்டாம் உறுதிப்பாடு உண்டா, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை எத்தனை மணி நேரத்தில் மூடுவீர்கள் என்று கேட்டோம். பெரிய பெயருடைய ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் இதற்கு முகஞ் சுளித்தார். சிறிய நிறுவனமொன்று மறுநாளே பட்டியல் அனுப்பியது.

நாம் இவ்வாறு தடுமாறிக்கொண்டிருந்தபோதே, அவ்வாண்டு ஆவணி 26 ஆந் திகதி, இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதியும் இதேவகைத் தாக்குதலுக்கு ஆளாயிற்று. வைகாசி 17 முதல் அன்றுவரை உள்ள அரச மின்னஞ்சல்கள் மீளாது போயின. ஏறக்குறைய 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அக்காலப் பகுதிக்குப் பிரதி இருக்கவில்லை. அந்தச் செய்தியைப் பத்திரிகையிலே படித்த எமது கணக்கப்பிள்ளை ஐயா, 'அவர்களிடமும் கொப்பி இல்லைப் போலும்' என்றார்.

2017 ஆம் ஆண்டு மேர்ஸ்க் என்னும் பெருங் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் உலகெங்கும் அழிந்தபோது, எல்லாவற்றுக்கும் வேராகிய பெயரேடு, மின்தடையால் அணைந்திருந்த கானா நாட்டுக் கணினி ஒன்றிலே மட்டும் தப்பியிருந்ததாம். 2022 ஆம் ஆண்டிலே பதின்மூன்று மணி நேர மின்வெட்டை அனுபவித்த எமக்கு அதனால் ஒரு நன்மையும் உண்டாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். ஒரு பிரதி, எந்தக் கம்பியோடும் தொடர்பின்றிக் கிடக்கவேண்டும். அதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெற்றுக் கணினியொன்றிலே ஏற்றி, அன்றைய பேரேட்டைத் திறந்து காட்டவேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டவுடன் இருவர் போட்டியிலிருந்து விலகினர்.

பிரிந்துபோகும் வழியையும் முதலிலேயே எழுதிக்கொண்டோம். பயர்வோலின் அமைப்பு விபரமும், தலைமைக் கடவுச்சொற்களும், இணையப் பெயரின் பதிவும் எம் பெயரிலேயே இருக்கவேண்டும். இல்லையேல் கட்டணத்தை இரட்டித்தாலும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாடிக்கையாளரின் விபரங்களுக்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் காட்டும் பொறுப்பும், வேலையைப் பிறரிடம் கொடுத்ததனால் எம்மை விட்டு நீங்கிவிடாது என்று சட்டத்தரணியான வகுப்புத் தோழர் எச்சரித்தார்.

ஈற்றில் கொழும்பு நிறுவனமொன்றை இரவுக் காவலுக்கு அமர்த்தினோம். அதிகாலையில் மூன்றாவது மணியில் எடுத்தவர் அந்நிறுவனத்தவரே. ஆனால் கிளிநொச்சியிலே றவுட்டர் எரிந்துபோனால் கொழும்பிலிருந்து ஆள்வர மறுநாளாகும். அதற்கு ஊரிலே ஒருவர் வேண்டும். நாம் இருவரும் தம்பி வீட்டுக்குப் போனோம். வைகாசிக் கடிதத்தை அச்சிட்டுக் கொண்டு போயிருந்தோம். அவர் அதனைப் பார்த்துவிட்டு மடித்து எம்மிடமே தந்தார். 'மாதச் சம்பளமாய் எழுதித் தாருங்கோ அண்ணை. தேத்தண்ணிக்கு இனி வரமாட்டன்' என்றார். அவ்வாறே எழுதினோம். தொலைவழி வாயிலின் சாவி இப்போது அவரிடம் இல்லை. அதனை அவரே வேண்டாம் என்றார்.

சென்ற ஆவணியில் நடந்த மீட்புச் சோதனையிலே, நான்கு மணி நேரத்துக்குள் பேரேடு திறக்கவேண்டும் என்ற இடத்தில் 6 மணி 10 நிமிடம் ஆயிற்று. பிரதியைத் திறக்கும் கடவுச்சொல்லை அறிந்த ஒரேயொருவர் நல்லூர்த் தேருக்குப் போயிருந்தார், கைப்பேசியை வீட்டிலே வைத்துவிட்டு. இப்போது அச்சொல் முத்திரையிட்ட உறையொன்றிலே, எமது இரும்புப் பெட்டியில், கணக்கப்பிள்ளை ஐயாவின் சிட்டைக் கொப்பிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த சோதனை கார்த்திகையில்.