அப்பாவோட உருளைக்கிழங்கும் என் அரைகுறை ஞானமும்

பெங்களூர்ல பொட்டி தட்டுறவனுக்கு விவசாயத்துல என்ன வேலைன்னு நீங்க கேக்கலாம். போன ஜூலையில எனக்கே அப்படித்தான் தோணுச்சு.

ஊட்டி பக்கம் கேத்தியில எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம். அப்பா வருஷா வருஷம் உருளைக்கிழங்கு போடுவார். மழை ஆரம்பிச்சா வாராவாரம் மான்கோசெப் அடிப்பார். முகமூடியெல்லாம் கிடையாது, தலையில ஒரு துண்டு அவ்வளவுதான். அப்புறம் ரெண்டு நாளைக்கு இருமல். போன்ல அந்த இருமலைக் கேட்டுட்டு, நாலு ராத்திரி இணையத்தைக் குடைஞ்சு நான் கண்டுபிடிச்சதுதான் டிரைக்கோடெர்மா விரிடி.

இது மண்ணுல வாழுற நல்ல பூஞ்சை. கிழங்குத் தோல்ல கருப்புச் சொறியை உண்டாக்குற ரைசக்டோனியாவோட இழைகளைக் கொடி மாதிரி சுத்திக்கிட்டு, நொதிகளால அதைக் கரைச்சுத் தின்னுடும். ஏப்ரல்ல ஒரு கிலோ பொடியை 20 கிலோ மக்கின தொழு உரத்துல கலந்து மண்ணுல போட்டோம். அதோட விட்டேனா? "இனிமே மருந்தே அடிக்க வேண்டாம்ப்பா"ன்னு சொல்லிட்டேன். படிச்ச புள்ள சொல்றானேன்னு அவரும் கேட்டுக்கிட்டார்.

ஜூலையில ஒரு வாரம் விடாத தூறல், பனிமூட்டம். பாதி காடு கருகிப் போச்சு. பின்பருவ இலைக்கருகல். 1845ல அயர்லாந்தைப் பஞ்சத்துல தள்ளின அதே ஃபைட்டாப்தோராதான். பாக்க பூஞ்சை மாதிரி இருந்தாலும், பழுப்புப் பாசிகளுக்குத்தான் அது நெருங்கின சொந்தமாம். காத்துல வந்து இலையில உக்காரும். குளிரும் ஈரமும் சேர்ந்தா சில நாள்ல செடியே காலி. வாசல்ல காவல் காக்கிற டிரைக்கோடெர்மா, கூரையைப் பிரிச்சு இறங்குற திருடனை என்ன பண்ணும்?

மகசூல் பாதிதான். கிடைச்ச கிழங்குல சொறி கம்மியா இருந்துச்சு. அது டிரைக்கோடெர்மாவாலயான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு பாத்தியைச் சும்மா விட்டிருக்கணும், விடல. டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணாதீங்கன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் கத்துறவன் நான் :-(

அப்பா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலை. "அடுத்த தடவை பாதி நிலத்துல போட்டுப் பாப்போம். கருகலுக்கு மட்டும் முன்னாடியே மருந்து அடிச்சுக்கறேன்"னார்.

சரிப்பான்னு சொல்லிட்டு, நல்ல முகமூடியா ரெண்டு வாங்கி அனுப்பினேன். போட்டுக்கறாரான்னு அம்மாதான் சொல்லணும்.