பெல்ட்டை விடுங்க, உருளையைப் பாருங்க

லண்டனுக்கு அடியில எலிசபெத் லைனுக்காக 2012லேர்ந்து 2015 வரைக்கும் 42 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டினாங்க. மண்ணை வெளியே கொண்டுவந்தது பெரும்பாலும் கன்வேயர்தான். அதுல 30 லட்சம் டன் எஸ்ஸெக்ஸ்ல இருக்கற வாலசி தீவுக்குப் போய் பறவைகள் சரணாலயம் ஆச்சு.

கன்வேயர்னதும் எங்க வகுப்புல எல்லாரும் பெல்ட் அகலம், மோட்டார் பவர்னு ஆரம்பிப்போம். முதல் கேள்வி அது இல்லைங்க. ஏத்தப்போற சரக்கு என்ன?

லண்டன் களிமண் ஈரமானா பசை. பெல்ட்டோடவே திரும்பி வந்து அடி உருளைகள்ல அப்பிக்கும். பெல்ட் ஒரு பக்கமா இழுக்கும். அதனால முன் டிரம்ல ஸ்கிரேப்பர், அடியில ரப்பர் வளையம் போட்ட உருளை வேணும். மண் விழற இடத்துல ரப்பர் உருளைகளை நெருக்கமா வைக்கணும். தாங்குற பிராக்கெட்ல போல்ட் துளை நீளவாக்குல இருந்தா, உருளையைக் கொஞ்சம் நகர்த்தி பெல்ட்டை நேராக்கலாம்.

சில்லறைச் சமாச்சாரமா? டெர்பிஷயர்ல கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம், 1950 செப்டம்பர் 26. பெல்ட் மாறுற இடத்துல கிழிஞ்ச துண்டு அடைச்சுக்கிச்சு. உராய்வுச் சூட்டுல ரப்பர் பத்திக்கிச்சு. 80 பேர் மேலே வரவே இல்லை.

விலைப்பட்டியல்ல கடைசியா வர்ற உருளை, பிராக்கெட், ஸ்கிரேப்பரை முதல்ல தேர்ந்தெடுங்க. மோட்டார் காத்திருக்கும்.