கொதித்து ஆறிய தண்ணீர்

ஜனவரி 14, 2025

பொங்கல். பாப்பாவுக்குப் பதினொன்றாம் நாள். அம்மா குக்கரிலேயே பொங்கல் வைத்தாள். பாப்பா முழித்துவிடும் என்று குலவையை ரகசியம் மாதிரி இட்டாள். மெதுவாக இட்ட குலவையை இன்றுதான் கேட்கிறேன்.

கீழ்வீட்டு மராத்திப் பாட்டி, ஆஜி என்போம், டிங்கு லாடு கொண்டுவந்தார். பிள்ளை பெற்றவளுக்கு இங்கே புனேயில் கோந்தில் செய்து கொடுப்பது. அம்மாவிடம் பிரசவ லேகியம் இருக்கிறது. இரண்டையும் தின்றேன்.

ஜனவரி 18

தூங்கவில்லை.

ஜனவரி 23

சிங்கட் ரோடு பக்கம் கை கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டார்களாம். கியான் பாரே என்கிற நோய். கிர்கட்வாடி, நாந்தேட், தாயரி. தாயரியில்தான் இருக்கிறோம். கடக்வாஸ்லா அணை தூரமில்லை. ஆனாலும் பக்கத்துக் கிராமங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர், எங்கள் குடியிருப்புக்குப் பாதி நாள் டேங்கர்.

கெட்ட தண்ணீரிலும் சரியாக வேகாத கோழியிலும் வருகிற கிருமியாம், கேம்பைலோபாக்டர். அதை விரட்டக் கிளம்புகிற உடம்பின் படை, சிலருக்கு ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்கிவிடுகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும். ஒட்டுவாரொட்டி இல்லை, பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும் என்கிறார்கள். சரியாகிவிடும் என்பதை இரவில் என்னால் நம்ப முடிவதில்லை.

இன்றைய சண்டை உரை மருந்துக்கு. அம்மா ஊரிலிருந்து கல்லும் வசம்பும் ஜாதிக்காயும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது என்றேன்.

"ஒனக்கு ஊத்தி வளக்கலியாட்டி? நீ என்ன செத்தா போயிட்ட?"

"அது தாமிரபரணித் தண்ணி."

"அதுவும் இப்பம் அப்படி இல்ல" என்றாள். கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டாள். ஜெயித்த மாதிரி இல்லை.

ஜனவரி 25

வீட்டில் எந்நேரமும் தண்ணீர் கொதிக்கிறது. சிலிண்டர் பத்து நாள் முன்னாலேயே தீரும். வாங்கிவந்த பனீரை என் கணவர் சொல்லாமல் குப்பையில் போட்டார்.

ஜனவரி 27

எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. சோலாப்பூரில் ஒருவர் இறந்திருக்கிறார், புனேயிலிருந்து போனவர்.

காலையில் பெரியவன் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. "கால் வரல" என்றான். இரண்டரை வயதுக்கு இந்தச் சொற்றொடர் எங்கிருந்து வந்தது? தூக்கி நிறுத்தினேன், மடிந்து உட்கார்ந்தான். விரலை அமுக்கினேன், வலிக்குது என்றான். விட்டேன், அப்போதும் வலிக்குது என்றான். பாப்பா பசியில் கத்துகிறாள். இவர் ஹிஞ்ஜவாடி போகிற வழியில் எங்கோ நெரிசலில் நிற்கிறார், போன் எடுக்கவில்லை. அம்மா திருநீறு பூசினாள். அப்பாதான் ஒன்றும் பேசாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடம். இரண்டு மாடி அப்பா சுமந்து ஏறினார். வழியில் அவர் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. அவர் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். பாப்பாவோடு பின்னால் போன நான் எடுத்துவந்து போட்டேன். டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் துள்ளியது. மறுகாலும் துள்ளியது. அந்த நோய் என்றால் இந்தத் துள்ளல் போய்விடுமாம். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாள் பாருங்கள் என்றார். பிறகு என் மடியைப் பார்த்து, "இது எத்தனை நாள்?" என்று கேட்டார். இருபத்திநாலு என்றேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தும் நடக்கவில்லை. சாயங்காலம் தவழ்ந்துபோய்ப் பாப்பாவின் துணிவிரிப்பில், பாப்பாவுக்குப் பக்கத்தில் முட்டியை மடக்கிப் படுத்துக்கொண்டான். "ஆச்சி, எண்ணெ" என்றான். பாப்பாவின் காலை நீவிக்கொண்டிருந்த அம்மா, ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நீவி, முட்டியை வயிற்றோடு மடக்கி, நீட்டி. அவனுக்குக் கால் நீளம். மடியை விட்டு வெளியே கிடந்தது.

ஜனவரி 28

நடந்தான்.

பிப்ரவரி 2

ஆஜி வீட்டில் பெரியவனுக்கு போர்நஹாண். சங்கராந்திக்கும் ரத சப்தமிக்கும் நடுவில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து இலந்தைப் பழம், பொரி, கரும்புத் துண்டெல்லாம் தலையில் கொட்டுவார்கள். கறுப்புச் சட்டைதான் போட வேண்டுமாம். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் கறுப்பா என்று அம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அத்தனை இலந்தைப் பழத்தையும் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி எடுத்துப்போனது அவள்தான்.

ஆஜிக்கு 1961 ஜூலை 12 ஞாபகம் இருக்கிறது. சனிவார் பேட்டில் வீடு, ஆறு வயது. பான்ஷேத் அணை உடைந்து, வந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லாவும் உடைந்துபோன நாள். ஊரே முழுகி, பிறகு குழாயில் சொட்டு வரவில்லையாம். அவர் மராத்தியில் சொல்ல, பாதிதான் எனக்கே புரிந்தது. அம்மா முழுவதற்கும் உச்சுக்கொட்டினாள்.

பிப்ரவரி 9

அப்பா காலில் கொப்புளம். வெந்நீர்க் குடம் தூக்கும்போது சிந்தியிருக்கிறது. எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. நான் பதறிப்போய் அந்த நோயின் பெயரைச் சொல்ல, அம்மா, "ஏட்டி, அது சுகர். ரெண்டு வருசமா உள்ளங்கால்ல உணர்ச்சி கம்மி" என்றாள்.

ரெண்டு வருஷமாக.

"நீயே கைப்பிள்ளைக்காரி. போன்ல சொல்லி என்ன செய்யப்போற?"

இங்கேயே டாக்டரிடம் போகலாம் என்றேன். "ஊர்ல நம்ம டாக்டர்ட்ட காட்டிக்கிடுதேன்" என்கிறார் அப்பா. 15-ந்தேதி டிக்கெட். ரயிலில் ஒன்றரை நாள்.

பிப்ரவரி 12

டிக்கெட்டைத் தள்ளிப்போட ஒத்துக்கொள்ளவில்லை.

பாப்பாவைக் குளிப்பாட்டும்போது அம்மா தண்ணீரில் முழங்கையை விட்டுத்தான் சூடு பார்ப்பாள். மிச்ச வெந்நீரில் அப்பா முகம் கழுவி, அப்படியே கால் கழுவப் போனார். ஓடிப்போய் அவருக்கு முன்னால் என் முழங்கையை விட்டேன். சூடு அதிகம்தான். சிரித்தார். "கொஞ்சம் பச்சத்தண்ணி விடு" என்றார். குழாயைத் திறக்கப் போன கை அங்கேயே நின்றது. கொப்புளம் இன்னும் ஆறவில்லை.