இடக்கண் துடித்தால்

இடக்கண் இமை துடிக்கிறது என்றேன். “பொம்பளைக்கு இடக்கண்ணு துடிச்சா நல்லதுதாம்மா” என்றாள் அம்மா. என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வலக்கண் மங்கியபோது தூக்கம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணை அசைத்தால் வலித்தது. சிவப்பு வெளிறித் தெரிந்தது. பார்வை நரம்பில் அழற்சி, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார்கள். நரம்பிழைகளைப் போர்த்திய மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரிக்கும் நோய். சில வாரங்களில் பார்வை திரும்பியது. அச்சம் மட்டும் தங்கிவிட்டது. அஞ்சாமல் இருந்து ஒருமுறை ஏமாந்தவளுக்கு ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் எளிதில் செரிப்பதில்லை.

சென்ற மாதம் கெண்டைக்காலில், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு. நள்ளிரவில் இணையத்தில் தேடி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயில் போய் நின்றேன். 1868இல் என் நோயை விரிவாக விளக்கிய ஷார்க்கோதான் அதையும் விளக்கியவர். இரண்டும் எனக்கே என்று முடிவு செய்துகொண்டேன்.

நரம்பியல் மருத்துவர் குதிகாலால் நடக்கச் சொன்னார். முழங்காலில் தட்டிப் பார்த்தார். வலு குறையவில்லை, தசை மெலியவில்லை. இத்தகைய துடிப்பு களைப்பிலும் காபியிலும் கவலையிலும் எவருக்கும் வரும், எம்.எஸ்.ஸில் மிகுதியாகக் காண்பது தசை இறுக்கமும் இழுப்பும்தான் என்றார். முகத்தின் ஒரு பக்கம் அலையலையாக விடாமல் துடித்தாலோ, காய்ச்சல் இல்லாமல் புதிய குறி ஏதும் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ தெரிவிக்க வேண்டும். மற்றவற்றைக் காவல் காக்க வேண்டாம். காக்கக் காக்கக் கூடும் என்றார்.

எங்கள் திருநாவலூரில் பிறந்த சுந்தரர், திருவொற்றியூரில் இரு கண்களையும் இழந்து, காஞ்சியில் இடக்கண்ணையும் ஆரூரில் வலக்கண்ணையும் பெற்றார் என்பது புராணம். காஞ்சிக்கும் ஆரூருக்கும் இடைப்பட்ட வழியை நான் அடிக்கடி நினைக்கிறேன். கிடைத்த ஒற்றைக் கண்ணும் போய்விடுமோ என்று அவர் ஒவ்வொரு விடியலிலும் சோதித்துப் பார்த்திருப்பாரா? அவர் பாடிக்கொண்டே நடந்தார் என்பது மட்டும் தெரியும்.

நேற்றிரவு பத்து மணிக்கு இமை மறுபடி துடித்தது. நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு உறங்கிப்போனேன். காலையில் துடிப்பு இல்லை. வழக்கம்போல் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு நாட்காட்டியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. எண் நல்ல சிவப்பாக இருந்தது.